குளிர்காலமே இல்லாத நாட்டில் விளக்கு ஊர்வலம் எதற்கு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: ஸ்டைனர் பள்ளியில் (வால்டோர்ஃப் பள்ளி என்றும் சொல்வார்கள்) வருடா வருடம் அதே விளக்கு ஊர்வலம், அதே பச்சைக் கிளைச் சுருள், அதே அறுவடை விழா. மழலையர் வகுப்புக் குழந்தையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே விழாவில் நிற்கிறார்கள். பெரிய பிள்ளை இதில் புதிதாக என்ன கற்றுக்கொள்கிறது? இலையுதிர்வும் பனியும் இல்லாத நாட்டில் இதையெல்லாம் செய்வது வெறும் நகல் இல்லையா? இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றே. இந்தப் பள்ளிகளில் பருவம் என்பது பாடமா, அலங்காரமா என்பதுதான் அது. பாடமாக இருக்க முடியும். ஒரே பருவம் ஒவ்வொரு வயதுக்கும் வேறு வேலையாகக் கைக்கு வந்தால்தான் அது நடக்கும். அந்தப் பிரிவினை இல்லாத பள்ளியைப் பற்றி நீங்கள் சந்தேகப்படுவது நியாயம்.

முதலில் இந்த விழாக்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். முதல் வால்டோர்ஃப் பள்ளி 1919 செப்டம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் திறக்கப்பட்டது. வால்டோர்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலையின் முதலாளி எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டதில் பிறந்தது அது. ஸ்டுட்கார்ட் ஏறக்குறைய 49 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே பகல் 16 மணி நேரம் நீளும். டிசம்பர் கடைசியில் 8 மணி நேரத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். விளக்கு ஊர்வலம் நடக்கும் நவம்பர் 11, மார்ட்டின் திருநாளன்று மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வீடு திரும்பும் குழந்தையின் கண்ணுக்கு இருட்டு அந்த மாதத்தில்தான் புதிதாக வந்து நிற்கிறது. கையில் விளக்கு கொடுப்பது அதற்கான பதில். செப்டம்பர் 29 மைக்கேல் திருநாள், கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரத் திருவருகைக்காலம், ஜூன் 24 யோவான் திருநாளின் நெருப்பு எல்லாமே வட ஐரோப்பியச் சூரியனோடு கட்டப்பட்ட கிறிஸ்தவ நாள்காட்டி. இதைப் பள்ளிகள் பூசி மெழுகத் தேவையில்லை. வேர் கிறிஸ்தவம், அதன்மேல் ஸ்டைனரின் ஆன்மிகத் தத்துவமான ஆந்த்ரோபோசஃபி. வகுப்பறையில் எவ்வளவு வெளிப்படையாக இது வருகிறது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒவ்வொரு பள்ளியும் தன் ஆசிரியர் குழுவின் பொறுப்பில் நடப்பதால், கீழே நான் சொல்வதை விதிப்புத்தகமாக எடுத்துக்கொள்ளாமல் பொதுவான நடைமுறையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மழலையர் வகுப்பில், அதாவது மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை ஒன்றாக இருக்கும் குழுவில், பருவத்தைப் பற்றி யாரும் எதுவும் விளக்கக் கூடாது. அங்கே கற்பது பார்த்துச் செய்வதால். மழை ஏன் பெய்கிறது என்று சொல்லித் தருவதில்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போவார்கள். ஒரு நாளின் அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் தானாக விளையாட்டு, எடுத்துவைத்தல், 15–20 நிமிடம் வட்டமாக நின்று பாட்டும் அசைவும், சாப்பாடு, ஒரு மணி நேரம் வெளியே, கடைசியில் 10–15 நிமிடம் கதை. மூச்சு விடுவதும் இழுப்பதும் போல, பரந்து ஓடும் நேரமும் ஒடுங்கி அமரும் நேரமும் மாறி மாறி வரும். வட்டப் பாட்டு மூன்று நான்கு வாரம் மாறாமல் ஓடும். அதே கதை ஒரு வாரமாவது, சில சமயம் இரண்டு வாரம் சொல்லப்படும். பெரியவர்களுக்குச் சலிக்கும், மூன்று வயதுக்குச் சலிக்காது. சலிப்பது ஆறு வயதுக்குத்தான், அதுவும் மூன்றாவது வருடம். அதே வட்டப் பாட்டைக் கேலியாகப் பாடுவது, சின்னக் குழந்தைகளைச் சீண்டுவது என்று அது வெளிப்படும். இதை ஒழுங்குப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டால் காரியம் கெட்டது. ஆறு வயதுக்கு உண்மையான வேலை வேண்டும்: காய் நறுக்குவது, சின்ன ரம்பத்தால் கிளை அறுப்பது, ஒரு மாதம் இழுக்கும் நெசவு, விழாவுக்கு முந்திய நாள் தரை துடைப்பது. மூன்று வயது விழாவுக்குள் இருக்கிறது. ஆறு வயது விழாவைத் தயாரிக்கிறது. வயதுவாரிப் பிரிவினை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

வகுப்பின் மூலையில் இருக்கும் பருவ மேசையைப் பற்றியும் ஒரு சொல். துணி விரித்து, அந்தந்தக் காலத்தில் வெளியே கிடைக்கும் விதை, கிளை, கல், கூடு வைப்பது வழக்கம். அழகாக இருக்கிறதா என்பது அங்கே முக்கியமில்லை. அதில் இருப்பது பள்ளியிலிருந்து ஐந்து நிமிட நடை தூரத்தில் இன்று கிடைக்கிறதா என்று பாருங்கள். பஞ்சில் செய்த பனியும் கடையில் வாங்கிய மேப்பிள் இலையும் பனியே பெய்யாத இடத்தில் இருந்தால் அது மேசைக்கு மேல் ஒரு படம், அவ்வளவே. இன்னொரு தவறு, ஞாயிற்றுக்கிழமையோடு மேசையை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுவது. பருவம் அப்படி மாறுவதில்லை. ஒரு பொருள் போகும், இரண்டு நாள் கழித்து இன்னொன்று வரும்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆட்டம் மாறுகிறது. காலையில் முதல் ஒன்றே முக்கால் அல்லது இரண்டு மணி நேரம் மெயின் லெசன், அதாவது முதன்மைப் பாடம். ஒரே பாடம் மூன்று அல்லது நான்கு வாரம் தொடர்ந்து ஓடும்; அதுதான் ஒரு தொகுதி. பிறகு அது ஓய்வுக்குப் போய் வேறொன்று வரும். பள்ளி நடக்கும் வாரங்களைக் கணக்கிட்டால் ஒரு வருடத்தில் ஒன்பது பத்துத் தொகுதிகள் தேறும். பருவம் பாடத்திட்டத்துக்குள் நுழைவது இந்த அடுக்கலில்தான். ஐந்தாம் வகுப்பின் தாவரவியலை எந்த மாதத்தில் வைப்பது, வானியலை எப்போது வைப்பது என்பது அழகியல் விஷயமில்லை. தப்பான மாதத்தில் வைத்தால் பார்க்க எதுவும் இருக்காது. தாவரவியல் பொதுவாகக் காளான், பாசி, பெரணி, ஊசியிலை மரம், பூக்கும் செடி என்று எளியதிலிருந்து ஏறிப் போகும். ஐரோப்பாவில் இதை வசந்தத்தில் வைப்பார்கள். ஈரக்காலமும் வறண்ட காலமும் மட்டுமே உள்ள இடத்தில் அதை அப்படியே ஏப்ரலில் வைத்தால் பாசியும் பெரணியும் கருகிக் கிடக்கும். இரண்டாகப் பிரிப்பதுதான் சரி: மழை தொடங்கிய மூன்று நான்கு வாரத்தில் ஒரு தொகுதி, அதில் காளான், பாசி, பெரணி, மழை ஓய்ந்து பூக்கள் பெருகும்போது அடுத்தது. காளானைத் தொடாமல், வாயில் வைக்காமல் வரைய வேண்டும் என்பதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட வேண்டும். வானியலுக்கு இதற்கு நேர்மாறான காலம் தேவை. மழை மாதத்தில் நட்சத்திரம் பற்றிப் பேசினால் பிள்ளைகள் ஆசிரியரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரே பருவம் வயதுக்கு வயது எப்படி வேறு வேலையாகிறது என்பதைத் தானியத்தை வைத்துச் சொன்னால் தெளிவாகும். மழலையர் கையால் சுற்றும் திரிகையில் மாவு அரைத்து ரொட்டி பிசைகிறார்கள். அங்கே பேச்சே இல்லை. மூன்றாம் வகுப்பில், ஒன்பது வயதை ஒட்டி, உழவும் வீடு கட்டுதலும் பாடமாக வரும். நிலத்தைக் கொத்தி, விதைத்து, அறுத்து, அடித்து, தூற்றி, அரைத்து, சுட்டுச் சாப்பிடும் வரை முழுச் சுற்றையும் அவர்களே செய்ய வேண்டும். இங்கே அளவு தெரியாததால் தோற்கும் பள்ளிகள் அதிகம். 25 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 கிராம் மாவில் ஒரு சின்ன ரொட்டி என்றால் 1.25 கிலோ மாவு. நல்ல வயலில் கோதுமை ஒரு சதுர மீட்டருக்கு 300–500 கிராம் தரும். பிள்ளைகள் போட்ட பாத்தியில் பறவை, மிதிபட்ட செடி, அடிக்கும்போது சிதறுவது என்று பாதிக்கு மேல் போகும். ஆகவே குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும். விதை சதுர மீட்டருக்கு 15–20 கிராம் வீதம் 150–200 கிராம். இரண்டு சதுர மீட்டர் அழகுப் பாத்தி போட்டுவிட்டுக் கடைசியில் கடை மாவைக் கலந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வயதுக்கு அதைக் கண்டுபிடிப்பதுதான் முழுநேர வேலை. இன்னொரு சிக்கல் நாள்காட்டி. இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை அடுத்த கோடையில் முற்றும். அப்போது பள்ளி விடுமுறை. அதனால் அறுவடையை நான்காம் வகுப்பின் தொடக்கத்துக்குத் தள்ளுவார்கள். வெப்பமான இடங்களில் 90 முதல் 120 நாளில் முற்றும் சிறுதானியங்கள் இருக்கின்றன. மழையோடு விதைத்தால் ஒரே கல்வியாண்டுக்குள் சுற்று முடிந்துவிடும். ஐரோப்பியப் பள்ளிக்கு இல்லாத வசதி இது.

அதே தானியம் நான்காம் வகுப்பில் பின்னமாகிறது: ஒரு ரொட்டியை எட்டாகவும் பன்னிரண்டாகவும் வெட்டுவது. ஐந்தாம் வகுப்பில் புல்லினத்தின் வேரையும் இணைநரம்பு இலையையும் வரைகிறார்கள். ஆறாம் வகுப்பில் சதவீதமும் வட்டியும் வரும்போது, விதைக்கடன் வாங்கிய உழவருக்கு விளைச்சல் பாதியானால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். எட்டாம் வகுப்பு வேதியியலில் மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, புரதம். அயோடின் சொட்டினால் மாவு கருநீலமாவதைப் பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் பல பள்ளிகள் இரண்டு மூன்று வாரம் உண்மையான பண்ணைக்கு அனுப்புகின்றன. பத்தாம் வகுப்பில் நில அளவை. அறுவடை விழா நாளில் இவர்கள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றாலும் ஒவ்வொருவருக்கும் அந்த மேசையில் இருப்பது வேறு பொருள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விழாவில் வேலை எதுவும் கொடுக்காமல் பின்வரிசையில் நிற்க வைத்து மூன்று வயதுப் பாட்டைப் பாடச் சொன்னால் அது கண்ணை உருட்டும், உருட்டத்தான் வேண்டும்.

விழாவின் உள்ளேயே வேலைப் பங்கீடு சரியாக அமைந்ததற்கு நல்ல உதாரணம் திருவருகைச் சுருள். இருட்டிய அறையில், பச்சைக் கிளைகளால் 4–5 மீட்டர் அகலத்தில் ஒரு சுருள் பாதை. நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. ஒவ்வொரு குழந்தையும் ஆப்பிளில் செருகிய மெழுகுவர்த்தியோடு தனியாக உள்ளே நடந்து, நடுச்சுடரில் ஏற்றி, திரும்பும் வழியில் ஓரிடத்தில் வைத்துவிட்டு வரும். கடைசியில் பாதை முழுக்க வெளிச்சம். இதில் கற்பது சின்னக் குழந்தை மட்டுமில்லை. கிளை வெட்டி வந்து பாதை போடுவது, நெருப்பைக் காவல் காப்பது, இருட்டில் அசையாமல் இசைப்பது பெரிய வகுப்புகளின் பொறுப்பு. எங்கே கெடுகிறது என்றால், முதலில் நேரம். ஒரு குழந்தைக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். 25 பேர் என்றால் 40–50 நிமிடம். ஐந்து வயதுக்குக் கீழே அவ்வளவு நேரம் உட்கார முடியாது. 12 பேருக்கு மேல் ஒரு அமர்வில் வைக்கக் கூடாது. அடுத்தது நெருப்பு. பாதை 70 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பாவாடை ஓரம் சுடரைத் தொடும். இரண்டு நாள் முன்பே வெட்டிய ஊசியிலைக் கிளை காய்ந்து பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். அன்றே வெட்டித் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். முடி கட்டியிருக்க வேண்டும். செயற்கை இழை உடையும் தொங்கும் துப்பட்டாவும் கூடாது. கை எட்டும் தூரத்தில் தண்ணீர் வாளியும் நனைத்த போர்வையும் வேண்டும். இவற்றில் எதையாவது பள்ளி தட்டிக்கழித்தால் அங்கே உங்கள் குழந்தையை அனுப்பாதீர்கள், விழா எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இனி இடத்தைப் பற்றிய கேள்வி. தெற்கு அரைக்கோளத்துப் பள்ளிகள் இதை வெகுகாலமாக எதிர்கொண்டு வருகின்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் டிசம்பர் என்றால் நடுக்கோடை. அதனால் பல பள்ளிகள் விளக்கையும் சுருளையும் ஜூனுக்கு, அவர்களுடைய குளிர்காலத்தின் நீண்ட இரவுக்கு, மாற்றிக்கொண்டன. தேதியைக் காப்பதா, பொருளைக் காப்பதா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. என் தீர்ப்பு, சின்ன வகுப்புகளுக்குப் பொருள்தான் முக்கியம். ஏழு வயதுக்குத் தேதி தெரியாது, இருட்டு தெரியும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. 10 டிகிரி வட அட்சரேகையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம் சொச்சம்தான். இருட்டு அங்கே ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வருகிறது. ஆகவே 'இருள் பெருகுகிறது' என்று பாடுவது குழந்தை தன் கண்ணால் பார்க்காத ஒன்றைச் சொல்லுவது. அங்கே பெருகுவதும் குறைவதும் வேறு: தண்ணீர், காற்றின் திசை, வெயிலின் கடுமை, பூச்சிகள், பறவைகளின் வரவு. விழா அவற்றின்மேல் நிற்க வேண்டும்.

சூரியனின் பருவம் அங்கே இல்லவே இல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஒரு மீட்டர் தடியை நட்டுப் பாருங்கள். ஸ்டுட்கார்ட்டில் நண்பகல் நிழல் ஜூன் கடைசியில் சுமார் 47 சென்டிமீட்டர், டிசம்பர் கடைசியில் 3 மீட்டருக்கு மேல். 10 டிகிரி வடக்கில் டிசம்பரில் வடக்கு நோக்கி 66 சென்டிமீட்டர் விழும் நிழல், ஏப்ரல் நடுவில் ஒரு நாள் காணாமல் போய், ஜூனில் தெற்கு நோக்கி 24 சென்டிமீட்டர் விழுகிறது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி மறைந்து வடக்கே திரும்புகிறது. நண்பகல் நிழல் இப்படித் திசை மாறுவதை ஸ்டுட்கார்ட் பிள்ளைகள் பார்க்கவே முடியாது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் வாழும் குழந்தைகளுக்கே அது வாய்க்கிறது, எனவே அந்தப் பகுதிப் பள்ளிகளின் ஆண்டு விழாவுக்கு இதைவிட நல்ல அச்சு எனக்குத் தோன்றவில்லை. இதையும் வயதுவாரியாகப் பிரிக்கலாம்: மழலையர் நிழல் மிதித்து விளையாடுவார்கள், நான்காம் வகுப்பு திசை கற்கும்போது நிழல் நுனியில் கல் வைக்கும், ஆறாம் வகுப்பு மாதம் ஒருமுறை அளந்து வரைபடம் போடும், பத்தாம் வகுப்பு முக்கோணவியல் கொண்டு சூரியனின் உயரத்தைக் கணக்கிடும். செய்முறையில் இரண்டு பிழை வரும். தடி தூக்குக்குண்டு வைத்து நேராக நிற்க வேண்டும். 2 டிகிரி சாய்ந்தாலே 3 சென்டிமீட்டருக்கு மேல் தவறும். கடிகாரத்தின் 12 மணி நண்பகல் அல்ல. பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போய், மிகக் குட்டையான நிழலை எடுக்க வேண்டும்.

சின்னப் பள்ளிகளில் ஆள் பற்றாமல் இரண்டு வகுப்பை ஒன்றாக்குவது உண்டு. வயதுவாரிப் பிரிவினை அங்கே என்ன ஆகும்? பாட்டு, தோட்டம், ஓவியம், கைவேலை ஆகியவை சேர்ந்து நடக்கலாம். ஒன்றாம் வகுப்பு இரண்டு ஊசியில் பின்னக் கற்கும்போது இரண்டாம் வகுப்பு கொக்கி ஊசியில் பின்னுவது ஒரே அறையில் நன்றாகவே ஓடும், பெரியவர்கள் சின்னவர்களின் விட்டுப்போன கண்ணியை எடுத்துக் கொடுப்பார்கள். கணக்கைச் சேர்க்கக் கூடாது. இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் சேர்ப்பதைவிட மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் சேர்ப்பது கடினம், ஏனென்றால் ஒன்பது வயதை ஒட்டி வரும் மனத் திருப்பத்தை மனத்தில் வைத்துத்தான் அந்த இரண்டு வருடக் கதைகளும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மூன்றில் படைப்புக் கதைகளும் பழைய ஏற்பாடும், நான்கில் வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணங்களும். இரண்டு வருடச் சுழற்சியாக மாற்றினால் பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்று சீக்கிரம் வரும் அல்லது தாமதமாக வரும். தாமதமாக வருவது மேல்.

இதில் எது உறுதி, எது ஐயம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் நினைவைப் பதிய வைக்க உதவுகிறது என்பது நன்கு நிறுவப்பட்டது. ஆகவே இன்று கேட்டதை நாளைக் காலை திரும்பச் சொல்லவைத்துப் பிறகு எழுதவைக்கும் மெயின் லெசன் முறைக்கு ஆதாரம் உண்டு. இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நல்லது என்பதும் உறுதி, 1885ல் ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் தொடங்கி வைத்த ஆராய்ச்சி அது. ஆனால் அதே உண்மை தொகுதி முறைக்கு எதிராகவும் திரும்பும்: நான்கு வாரம் கணக்கு, பிறகு எட்டு வாரம் கணக்கே இல்லை என்றால் செய்திறன் தேயும். மறப்பதும் முதிர்வதற்கு உதவும் என்ற ஸ்டைனரின் கருத்தை இங்கே அளவுக்கு மீறி நீட்டுகிறார்கள். சின்ன வகுப்பில் தினம் 10 நிமிட மனக்கணக்கும், நான்காம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு மூன்று பயிற்சி வகுப்பும் இல்லாவிட்டால் அந்தப் பள்ளியில் கணக்கு பலவீனமாகத்தான் இருக்கும். தாமதமாக வாசிக்கத் தொடங்குவதைப் பொறுத்தவரை, நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதை ஒட்டி வாசிக்கத் தொடங்கிய ஸ்டைனர் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிட்டார்கள். பெற்றோர் தேடிச் சேர்த்த பள்ளிகள் அவை என்பதால் எல்லாக் குடும்பத்துக்கும் அதை நீட்ட முடியாது; வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 'காத்திருப்போம்' என்ற பதில் தீங்கும் செய்யும்.

ஏழேழு வருடமாக வாழ்க்கையைப் பிரிப்பதும், பால்பல் விழுவதைக் கல்விக்குத் தயாரான அடையாளமாக எடுப்பதும் ஸ்டைனரின் கோட்பாடு. ஆறேழு வயதில் குழந்தையின் சிந்தனை மாறுகிறது என்பதை வளர்ச்சி உளவியலும் சொல்கிறது, ஆனால் பல் அதற்குக் காரணமும் அல்ல, அளவுகோலும் அல்ல. 1923ல் ஸ்டைனர் ஆற்றிய உரைகளில் பூமி கோடையில் மூச்சு விட்டுக் குளிரில் இழுக்கிறது என்று வருவது ஆன்மிகக் காட்சி. ஆண்டுதோறும் வடகோடையில் காற்றின் கரியமில வாயு குறைந்து குளிரில் ஏறும் வளைகோட்டைக் காட்டி இதை நிரூபணம் என்பவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள்; அந்த வளைகோட்டை வரைவது இலைகளும் மண்ணும்தான். ஆசிரியருக்கு அந்தக் காட்சி ஊக்கம் தரலாம். வகுப்பில் அதை இயற்பியலாகச் சொன்னால் எதிர்க்க வேண்டும். விழாக்கள் மட்டும் தனியாகக் கற்றலை எவ்வளவு உயர்த்துகின்றன என்பதைப் பிரித்து அளப்பது ஏறக்குறைய இயலாத காரியம், ஏனென்றால் அவை ஒருபோதும் தனியாக வருவதில்லை. அதே ஆசிரியர், அதே வகுப்பு, அதே பெற்றோர் கூடவே வருகிறார்கள்.

உங்கள் பள்ளியைச் சோதிக்க விரும்பினால் விழா நாளன்று போகாதீர்கள், அன்று எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் இருக்கும். முந்திய வாரம் போய் யார் யார் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வருடத் திட்டத் தாளையும் கேட்டு வாங்குங்கள். அதில் விழாவின் தேதிக்குப் பக்கத்தில் எந்த வகுப்பு எதைச் செய்கிறது என்று இருக்க வேண்டும், தாவரவியலும் வானியலும் உழவும் எந்த மாதத்தில், ஏன் அந்த மாதத்தில் என்று ஆசிரியர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்புக்கு நேரே வெற்றிடமோ 'பார்வையாளர்' என்றோ இருந்தால், இங்கே கேட்ட கேள்வியை ஒரு வார்த்தை மாற்றாமல் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.